வாடிக்கையாளர் நேரே நம்மிடம் வர வேண்டுமானால்



நம் மாவட்டத்தில் கடை வைத்துப் பொருள் விற்கும் குடும்பங்களைப் போலவே, வேலை செய்து கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்களும் நிறைய. ஒகேனக்கலில் லாட்ஜ் நடத்துபவர், டெம்போ டிராவலர் ஓட்டுபவர், கல்யாணத்துக்கு பிரியாணி சமைத்துக் கொடுப்பவர், ஏசி மெக்கானிக், வீட்டிலிருந்தபடியே தையலும் மெஹந்தியும் செய்யும் சகோதரிகள் என்று பலர். இவர்களுக்கு ஆர்டர் வந்தால்தான் அன்றைய வருமானம். முன்பெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார். இன்று பெங்களூரிலோ சேலத்திலோ இருப்பவர் போனில் தேடிப் பார்த்துத்தான் வருகிறார். அப்படித் தேடும்போது முதலில் தெரிவது பெரும்பாலும் நம் பெயரல்ல, நடுவில் இருக்கும் ஒரு செயலியின் பெயர்.

அந்தச் செயலிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவரை அழைத்து வந்து கொடுத்தால் அதற்குக் கூலி கொடுப்பது நியாயம்தான். ஆனால் நம்மிடம் ஒருமுறை தங்கிப் போனவர் மறுமுறை வரும்போதும், நண்பர் சொல்லி நம் பெயரையே தேடி வருபவருக்கும், அதே கூலியை ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடைதான் சொந்த இணையதளம்.

கமிஷன் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அறை வாடகை 1,500 ரூபாய், கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அறைக்கு 300 ரூபாய் போகிறது. மாதம் 40 முன்பதிவு செயலி வழியாக வந்தால் 12,000 ரூபாய். இதில் 15 பேர் மட்டும் நேரே நம்மை அழைத்திருந்தால் 4,500 ரூபாய் கையில் நின்றிருக்கும். விடுதி காலியாகக் கிடக்கும் மாதங்களில் வட்டிக்குக் கை நீட்டாமல் இருக்க அந்தப் பணம் உதவும்.

இந்தச் சுமை விடுதிக்காரர்களுக்கு மட்டும் இல்லை. சேலத்துக்கு அப்பால் இருக்கும் நாமக்கல்லில், ஸ்விக்கி, சொமேட்டோ நிறுவனங்களின் கமிஷன் தாங்க முடியவில்லை என்று உணவக உரிமையாளர்கள் சங்கமாகக் கூடி, 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு உணவு கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சங்கம் இருக்கும் ஊரில் அது முடிந்தது. தனியாளாகத் தொழில் செய்பவர் அப்படி நிற்க முடியாது. தன்னிடம் வரத் தனி வழி ஒன்றை அவர் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

போட்டி ஆணையம் சொன்னது

நாட்டின் விடுதிகளும் உணவகங்களும் சேர்ந்த கூட்டமைப்பு கொடுத்த புகாரின் மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 19 அன்று ஓர் உத்தரவு போட்டது. மேக்மைட்ரிப், கோஐபிபோ ஆகிய இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. அந்த நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது.

காரணம் என்ன? விடுதிக்காரர் வேறு தளத்திலோ, தன் சொந்த இணையதளத்திலோ குறைந்த விலைக்கு அறை கொடுக்கக் கூடாது என்று மேக்மைட்ரிப் தரப்பு ஒப்பந்தத்திலேயே கட்டுப்பாடு போட்டிருந்தது. அதை நீக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. ஓயோவுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் ட்ரீபோ, ஃபேப் ஹோட்டல்ஸ் ஆகிய விடுதிகள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டதையும் ஆணையம் தவறு என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஸ்பெயின் நாட்டிலும் 2024 ஜூலையில், விடுதிகள் மீது நியாயமற்ற நிபந்தனைகளைச் சுமத்தியதற்காக புக்கிங் டாட் காம் நிறுவனத்துக்கு 41 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டார்கள்.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. ஒன்று, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். விலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விலையில் கை வைக்க முடியாவிட்டாலும், நேரே அழைப்பவருக்குக் காலைச் சிற்றுண்டியோ, இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தங்கும் வசதியோ கொடுக்கலாம். இரண்டு, அடுத்தவர் பட்டியலில் இருக்கும் நம் பெயரை அவர் நினைத்தால் நீக்கிவிடலாம்.

இலவச இடம் நிலையானதல்ல

"கூகுளில்தான் என் கடை இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வது அவசியம். அதற்குக் கட்டணமும் இல்லை. பணம் கொடுத்தால் பதிந்து தருகிறோம் என்று கூகுள் பெயரைச் சொல்லி வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். அந்தப் பதிவில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பதால், போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஆனால் அது மட்டும் போதாது. அந்தப் பதிவோடு கூகுள் இலவசமாக ஒரு சிறு இணையதளமும் கொடுத்து வந்தது. அந்த வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் முகவரி போயிற்று. சொந்த மனையில் ஓட்டு வீடு இருந்தாலும் அது நம் வீடு.

தளத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஆடம்பரம் தேவையில்லை. போனில் சீக்கிரம் திறக்கும் ஒரே ஒரு பக்கம் போதும். வருகிறவர் மனத்தில் இருக்கும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

1. என்ன வேலை, எந்த ஊர்கள் வரை? சமையல்காரரானால் குறைந்தது எத்தனை பேருக்கு, பாத்திரமும் பரிமாற ஆட்களும் சேர்த்தா என்பது.

2. எவ்வளவு? "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதினால் வந்தவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். தொடக்க விலையாவது இருக்கட்டும். வண்டி வாடகையில் டோல் கட்டணம், டிரைவர் பேட்டா சேர்ந்ததா இல்லையா என்பதும் வேண்டும்.

3. உண்மையான படங்கள். வேறெங்கோ எடுத்த அறையின் படத்தைப் போட்டால் அது ஏமாற்று; குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதுமல்ல. நேரில் வந்து ஏமாந்தவர் எழுதும் ஒரு விமர்சனம் பத்து ஆர்டரைக் கெடுக்கும்.

4. பக்கத்தின் மேலேயே, தொட்டால் அழைப்பு போகும் போன் நம்பரும் வாட்ஸ்அப் பொத்தானும்.

5. இன்றைய நிலவரம். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கலில் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. குடும்பத்தோடு புறப்படுகிறவருக்கு இதுதான் பெரிய கவலை. இன்று தடை உண்டா, தடை வந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தேதி போட்டு எழுதும் லாட்ஜுக்குத்தான் முதல் அழைப்பு வரும்.

பெங்களூரிலிருந்து வருபவர்களுக்காகத் தமிழோடு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சில வரிகள் சேர்ப்பது நல்லது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள் சொந்த நம்பரைப் பொதுவில் போட வேண்டியதில்லை. தனி சிம் ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். வேலைப்பாட்டின் படம் போதும். யாருடைய முகமும் வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, வந்த அழைப்பை எடுக்காமல் விட்டால் பயனில்லை. இணையதளம் அழைப்பைக் கொண்டு வரும். ஆர்டரைக் கொண்டு வருவது நாம் பதில் சொல்லும் வேகமும் பேசும் முறையும்தான்.

பெயர் உங்கள் பெயரில் இருக்கட்டும்

இணையதளத்தின் முகவரிக்கு டொமைன் பெயர் என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தளம் செய்து தருபவர் தன் பெயரிலும் தன் மெயிலிலும் அதைப் பதிவு செய்துவிட்டால், நாளை மனக்கசப்பு வரும்போது முகவரி அவருடையதாகிவிடும். நிலப் பத்திரத்தைப் போலவே இதையும் பாருங்கள். உங்கள் பெயர், உங்கள் மெயில், ஓடிபி உங்கள் போனுக்கு. புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறினால் வேறொருவர் அதே பெயரை வாங்கிவிடலாம்.

முன்பணத்தில் எச்சரிக்கை

நேரடி முன்பதிவில் முன்பணம் யுபிஐ வழியாக வரும். இதில் ஒரு மோசடி பரவலாக நடக்கிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஐம்பது பேருக்குச் சாப்பாடோ, பத்து அறையோ கேட்பார். பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் கோடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார். போட்டால் நம் பணம் போய்விடும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. இதை வேலைக்கு இருக்கும் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

தொழில் செய்யும் நம் குடும்பங்கள் இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி, நான்கைந்து படங்களோடு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். கணினி படித்த நம் பிள்ளைகளை வைத்து, டொமைன் பதிவு முதல் பக்கம் அமைப்பது வரை உங்கள் முன்னிலையிலேயே செய்து தர ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். டொமைன் கட்டணம் மட்டும் உங்களுடையது. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும்.