குதிரை வாங்கலாமா? விலையை விடுங்க, மாசக் கணக்கைப் பாருங்க!

கார், பைக், ஐபோன்னு எத்தனையோ 'வாங்கலாமா, வேண்டாமா' கணக்கு போட்டிருக்கோம். இந்த வாரம் வந்த கேள்வி கொஞ்சம் வித்தியாசம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரத் தம்பி. சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 48,000 ரூபாய். கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்துல அப்பாவோட நிலம் இருக்கு. வாரக் கடைசியில ஆரோவில் பக்கம் போய் குதிரையேற்றம் கத்துக்கிறார். இப்போ ட்ரெஸ்ஸாஜ் பாடம் ஆரம்பிச்சிருக்கார். "அண்ணா, 2.5 லட்சத்துக்கு ஒரு குதிரை வருது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேக்குறாங்க. கையில 3 லட்சம் இருக்கு. வாங்கட்டுமா? இல்ல லோன் போடட்டுமா?"

ட்ரெஸ்ஸாஜ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. குதிரையை நடை, ஓட்டம், வளைவு, நிறுத்தம்னு துல்லியமா, சின்னச் சின்ன சைகையால நடத்துற கலை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இந்திய அணி தங்கம் வாங்கினது இதுலதான். குதிரையேற்றத்துல 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம் அது. அந்த அணியில இருந்த அனுஷ் அகர்வாலா தனிநபர் வெண்கலமும் வாங்கினார். ஆசை வர்றதுல தப்பே இல்லை.

ஆனா நம்ம வேலை கணக்கு.

1. யானைக்கு மட்டும் இல்ல, குதிரைக்கும் அங்குசக் கணக்கு உண்டு

யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை நமக்குத் தெரியும். குதிரையில அங்குசம்தான் யானையை விடப் பெரிய செலவு!

ஒரு குதிரை தினமும் தன் எடையில சுமார் 2% அளவுக்கு உலர் தீவனம் சாப்பிடும். 350 கிலோ குதிரைன்னா தினம் 7 கிலோ, மாசம் 210 கிலோ. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்டணும், லாடம் பார்க்கணும். புழு மருந்து, தடுப்பூசி தனி. நீங்க சென்னையில இருக்கும்போது பார்த்துக்க ஆள் வேணும்.

உதாரணக் கணக்கு இது. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க:

தீவனம்: 7,000
பார்த்துக்கிற ஆள் (பகுதி நேரம்): 6,000
குளம்பு, லாடம்: 1,000
மருந்து, டாக்டர்: 1,500
கொட்டகை, சேணம் பராமரிப்பு: 1,500
மொத்தம் மாசம்: 17,000

வருஷத்துக்கு 2.04 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு 10.2 லட்சம். வாங்குற விலை 2.5 லட்சம்தான், வளர்க்கிற விலை அதுல நாலு மடங்கு! குதிரை 25 வருஷம் வரைக்கும் வாழும்ங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

2. தம்பியோட மாசக் கணக்கு

சம்பளம் 48,000. வாடகை, சாப்பாடு 15,000. வீட்டுக்கு 10,000. குதிரைப் பாடம், போக வர செலவு 6,000. மிச்சம் 17,000.

பார்த்தீங்களா? மிச்சமாகுற மொத்தப் பணமும் குதிரைக்கே சரியாப் போயிடுது. எஸ்.ஐ.பி. பூஜ்யம், அவசர நிதி பூஜ்யம். குதிரை வாங்கிட்டா பாடம் நிக்கும்னு நினைக்காதீங்க. அப்போதான் பாடம் ரொம்ப அவசியம்.

லோன் போட்டா? 2.5 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 8,540. வட்டி மட்டும் 57,000-க்கு மேல. அந்த 8,540-க்கு இடமே இல்லை. அடுத்த மாசமே கிரெடிட் கார்டு. குதிரை கீழே தள்ளினதோட இல்லாம குழியும் பறிச்ச கதைதான்.

கையில இருக்கிற 3 லட்சத்தை எடுத்தா 50,000 மிஞ்சும். அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா? குதிரைக்கு வயிற்று வலி வந்தா? குதிரையால வாந்தி எடுக்க முடியாது. அதனால வயிற்றுக் கோளாறு அதுக்கு உயிர்ப் பிரச்சினை. ராத்திரி 2 மணிக்கு டாக்டரும் வண்டியும் பணமும் ஒண்ணா வேணும்.

3. நிலம் இருக்கே, தீவனம் ஃப்ரீதானே?

நம்ம பக்கம் மரவள்ளி நிறைய. பச்சை மரவள்ளி இலையிலயும் தோல்லயும் சயனைடு நஞ்சு இருக்கு. பூஞ்சை பிடிச்ச வைக்கோலும் ஆபத்து. கோழித் தீவனத்துல கலக்குற மொனென்சின்ங்கிற மருந்து குதிரையைக் கொன்னுடும். மாட்டுக்குப் போடுறதை அப்படியே குதிரைக்குப் போட முடியாது. இன்னொண்ணு, குதிரை கூட்டமா வாழ்ற பிராணி. வாரத்துல அஞ்சு நாள் தனியாக் கட்டிப்போட்டு, ரெண்டு நாள் ஏறினா அதுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

4. வாங்குறதா முடிவு பண்ணினா

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குற குதிரைக்குக் கட்டாயம் பல்லைப் பாருங்க, வயசு அதுல தெரியும்.

• புதுசா கத்துக்கிறவருக்கு நல்லாப் பழகின, வயசு கொஞ்சம் கூடின குதிரைதான் சரி. அழகான இளங்குதிரை வேண்டாம். அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.
• ரெண்டு தடவை போங்க. ஒரு தடவை சொல்லாமப் போங்க. விற்கிறவர் முதல்ல ஏறி ஓட்டட்டும். அப்புறம் உங்க பயிற்சியாளர், கடைசியா நீங்க.
• டாக்டர் நீங்க கூட்டிட்டுப் போறவரா இருக்கணும். தலைவாசல் பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க விசாரிங்க. கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை முக்கியம். மனுஷங்களுக்கும் பரவக்கூடியது அது.
• ஆடி மாசம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுல குதிரைச் சந்தை கூடும். வாங்கலைன்னாலும் போய்ப் பாருங்க. பத்து குதிரை பார்த்தவனுக்குத்தான் விலை புரியும்.
• அங்க அடையாளம், வயசு, விலை எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. பணம் பேங்க் வழியா மட்டும்.

5. இன்சூரன்ஸ்

பொதுத்துறை காப்பீட்டு நிறுவனங்கள்ல குதிரைக்கும் பாலிசி உண்டு. ஆனா பெரும்பாலும் இறப்புக்குத்தான் கவர், வைத்தியச் செலவுக்கு இல்லை. உங்க ஹெல்த் பாலிசியையும் எடுத்துப் படிங்க. சாகச விளையாட்டுல தொழில்முறையா கலந்துக்கிட்டா கிளைம் கிடைக்காதுன்னு அதுல ஒரு விதி இருக்கும். தனிநபர் விபத்துக் காப்பீட்டுல விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டு எழுத்துல வாங்குங்க.

அப்போ என்னதான் பண்றது?

குதிரை இல்லாமலே ஒரு வருஷம் குதிரை வளர்த்துப் பாருங்க! மாசம் 17,000 ரூபாயைத் தனி ஆர்.டி.யில போடுங்க. ஒரு மாசம்கூட விடக் கூடாது. தீபாவளின்னு குதிரை பட்டினி கிடக்காதுல்ல? 12 மாசம் தாண்டினா 2.04 லட்சமும் வட்டியும் கையில இருக்கும், அந்த 3 லட்சமும் பத்திரமா இருக்கும். தாண்ட முடியலைன்னா, ஒரு உயிரைக் கஷ்டப்படுத்தாம உண்மை தெரிஞ்சிடும்.

அந்த வருஷத்துல ஏறுறதை நிறுத்த வேண்டாம். பாடம் தொடரட்டும். லாயத்துல ஏற்கெனவே இருக்கிற குதிரையை வாரத்துல குறிப்பிட்ட நாளுக்குப் பங்கு முறையில எடுக்க முடியுமான்னும் கேட்டு வைங்க. சம்பளம் ஏறினதும் முதல்ல அதைச் செய்யலாம்.

நான் வெச்சிருக்கிற விதி இது: குதிரைச் செலவு போகவும் சம்பளத்துல 10% சேமிக்க முடிஞ்சா வாங்கலாம். தம்பிக்கு இப்போ சேமிப்பு பூஜ்யம் ஆகுது. இதே செலவுல சம்பளம் 54,000 ஆனா 6,000 மிஞ்சும், விதி பாஸ். கனவு ரொம்ப தூரத்துல இல்ல தம்பி, இன்னும் 6,000 ரூபாய் தூரம்தான்.

அதனால ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "இப்ப விட்டா வேற குதிரை கிடைக்காது"ன்னு சொல்வாங்க. அடுத்த ஆடியிலயும் அந்தியூர்ல சந்தை கூடும். வெள்ளிமலைப் பனியில குதிரையில போற நாள் வரட்டும். ஆனா அந்தக் குதிரை மண்குதிரையா இருக்கக் கூடாது.

முழுக் கணக்கையும் இந்த வார வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. மீண்டும் சந்திப்போம்!