பயிருக்கு மட்டுமா வாட்டம்?

சொர்ணவாரிப் பட்டத்தில் நண்பகல் வேளையில் வரப்பில் நின்று பார்த்தால், தண்ணீர் எட்டாத பாத்திகளில் நெல் இலைகள் நீளவாக்கில் சுருண்டிருப்பது தெரியும். ஈரம் குறைந்ததும் பயிரில் அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்பு கூடுகிறது, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. மாலையில் இலை விரிந்துவிட்டால் பெரிய பாதகமில்லை. மறுநாள் விடியற்காலையிலும் சுருண்டே கிடந்தால்தான் மகசூல் கெடும்.

உழவரின் உடம்பும் இப்படித்தான். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தோளும் கழுத்தும் இறுகுகின்றன. மிரண்டு வரும் மாட்டிடமிருந்து விலகி ஓட உதவுவதும் இதே சுரப்புதான். ஆனால் கடனை விட்டோ வானத்தை விட்டோ ஓட முடியாது. படபடப்பு நாள் கணக்கில் நீடிக்கும்போது தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, வீட்டில் சிறு பேச்சுக்கும் எரிந்து விழ நேர்கிறது. இரவு உறங்கி எழுந்த பின்னும் மனம் சுருண்டே இருக்கிறதா என்பதே இங்கும் கவனிக்க வேண்டியது.

தாம்பரத்தைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாட்டம் சற்றுக் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. ஏரிப் பாசனத்தை நம்பிய வயலுக்குப் பக்கத்திலேயே வீட்டுமனைக் கல் நடப்படுகிறது. விற்பதா, உழுவதா என்ற கேள்வி சொந்த நிலக்காரருக்கு. அடுத்த பட்டத்துக்கு நிலம் கையில் இருக்குமா என்ற கேள்வி குத்தகைக்காரருக்கு.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் ‘தாம்பரம் சானடோரியம்’ ஒரு நிலையத்தின் பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் இத்தகைய இல்லத்தை முன்பே நடத்தியவர் அவர். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். திறந்த காற்று, வெளிச்சம், நல்ல உணவு, ஓய்வு, பிறகு படிப்படியான உழைப்பு இவையே சிகிச்சை. நோயைத் தீர்த்தது பின்னால் வந்த மருந்துதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த முறையில் ஓய்வு சோம்பலாகக் கருதப்படவில்லை. மருத்துவர் நேரம் குறித்துக் கொடுத்த வேலையாக இருந்தது.

உழவரும் அப்படியே நேரம் குறித்துக்கொள்வது நலம். உச்சி வெயிலில் 20 நிமிடம் மர நிழலில் கண்மூடிப் படுப்பது போதும். படுத்தவாறே மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்த நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத்துடிப்பைத் தணிக்கும் நரம்பு வேலை செய்கிறது. ஐந்து நிமிடத்தில் படபடப்பு குறைவதை உணரலாம். காசு செலவில்லை. அந்திக்குப் பின் தேநீரைத் தவிர்த்தால் தூக்கம் வரும். மது அருந்தினால் தூக்கம் வருவது போலத் தோன்றும். நடு இரவில் விழிப்புத் தட்டிவிடும், பிறகு கவலை இரட்டிப்பாகும்.

கடன் கவலைக்கு முதல் மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி என்று எழுதிவிட்டால், இரவெல்லாம் மனத்தில் ஓடும் கணக்கு தாளில் இறங்கிவிடும். தவணை தவறும் என்று தெரிந்தால் கெடு முடியுமுன்பே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ச் சொல்வது நல்லது. அந்த நோட்டை இல்லத்தரசியிடம் காட்டவும் வேண்டும். நாற்று நடுவதிலும் களை எடுப்பதிலும் பாதிச் சுமையைச் சுமக்கிறவர் அவர். அவரிடம் மறைத்த கடன்தான் பல வீடுகளில் பெரும் பாரமாகிறது. கூலி கொடுக்கவும் குடும்பம் நடத்தவும் தெரிந்தவருக்குக் கடன் கணக்குப் பார்க்கத் தெரியாதா என்ன?

இனிச் சொல்ல வேண்டியது பூச்சி மருந்தைப் பற்றி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த வேளையில் விஷம் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பொது மருந்துக் கிடங்கு அமைத்து, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மருந்து வைக்கும் வழக்கத்தை விட விவசாயிகள் முன்வந்தார்கள். அக்கிராமங்களில் தற்கொலையும் குறைந்தது. 2013இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. இலங்கையிலும் கொடிய பூச்சி மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பின் தற்கொலை விகிதம் 1996க்கும் 2005க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகியது.

பொதுக் கிடங்கு இல்லாத ஊரில், தேவைக்கு மட்டும் மருந்து வாங்கி அன்றே தெளித்து முடிக்கலாம். மீந்ததைப் படுக்கும் வீட்டில் வைக்காமல் வெளியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இரண்டு வாரமாகத் தூங்காமல், சாப்பாட்டில் நாட்டமின்றி, ‘நான் இருந்து என்ன பயன்’ என்று பேசினால் அவரைத் தனியே விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.