இரும்புக்கல் தட்டில் இரும்பு இருக்கிறதா?

எட்டயபுரத்தில் ஆச்சி வீட்டைக் காலி செய்தபோது, பரணில் கனமான ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கிடைத்தது. அடியில் நீல முத்திரை, ‘அயர்ன்ஸ்டோன் சைனா’ என்று. “இரும்பு கலந்த தட்டுடா, லேசுல உடையாது” என்பாள் ஆச்சி. பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாம்னு பேச்சு வந்ததும், காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அயர்ன்ஸ்டோன் என்பது முதலில் ஒரு பாறையின் பெயர். 15 சதவீதத்துக்கு மேல் இரும்பு உள்ள படிவுப் பாறையை அப்படிச் சொல்கிறார்கள். சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இரும்புத் தாதுதான். ஆனால் அது மேக்னடைட்டும் குவார்ட்சும் பட்டை பட்டையாக அடுக்கிய உருமாறிய பாறை.

தட்டுக்கு இந்தப் பெயர் வந்தது 1813-ல். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரைச் சேர்ந்த சார்லஸ் ஜேம்ஸ் மேசன் அந்தப் பெயரில் காப்புரிமை வாங்கினார். சீனப் பீங்கானுக்கு மலிவான, உறுதியான மாற்று. இரும்புக் கசடு சேர்ப்பதாகக் காப்புரிமையில் எழுதியிருந்தார்.

காந்தம் ஒட்டலைங்கிறதால மட்டும் இரும்பே இல்லைன்னு சொல்லிவிட முடியாது. ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு சாதாரணக் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. நிறம்தான் நல்ல சாட்சி. காற்றுப் பட வேகும் களிமண்ணில் இரும்பு நிறைய இருந்தால் அது சிவந்துவிடும். அதனால் வெள்ளைத் தட்டுக்கு இரும்பு எதிரி. பெயரில் உள்ள இரும்பு, உறுதிக்கான விளம்பரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நிஜமான ‘இரும்புப் பாண்டம்’ பார்க்கணும்னா தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போகணும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் கருப்பு-சிவப்புப் பானைகளும் கிடைத்தன. உள்புறமும் விளிம்பும் கருப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலிருந்த இரும்பு சிவந்தது. காற்றுப் படாத பக்கம் கரி ஏறிக் கருத்தது.

நம்ம கரிசல் மண்ணில் பானை வனைய முடியுமா? தனியாக என்றால் கஷ்டம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களி அது. அதன் கருப்புக்கும் இரும்பு மட்டுமே காரணம் இல்லை. களியோடு பிணைந்த மக்குப் பொருளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆச்சி சொன்ன காரணம் தப்பு, ஆனால் தட்டு லேசில் உடையாது என்பது சரி. அதிகச் சூட்டில் மண் துகள்கள் பாதி உருகி ஒன்றோடொன்று இறுகியதுதான் அந்தப் பலம். தட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. சாமான்காரர் வேறெதையோ எடுத்துக்கொண்டு போனார்.