தலையெழுத்துக்கு எழுவாய் யார்?

எங்கள் செட்டிகுளத்தில் பேச்சுக்குப் பேச்சு ‘தலையெழுத்து’ வரும். விலை படுத்துவிட்டால் தலையெழுத்து, புருஷன் குடித்தால் தலையெழுத்து. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வெங்காயக் காட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள். நாள் முழுக்க வெங்காயத் தாள் அறுத்த விரலில் பென்சில் நிற்காது, வழுக்கும்.

ஓரளவு எழுத வந்தபின், “பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை? ரெண்டு வரி எழுதுங்க” என்றேன்.

“என்னத்த எழுதறது பாப்பா, எந்தலையெழுத்து” என்றார், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா.

“அதையே எழுதுங்கம்மா.”

எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தார். ‘அண்ணன் பள்ளிக்கூடம் போச்சு. அப்பா என்ன ஆடு மேய்க்க உட்டாரு.’

வாயால் சொன்னபோது அதில் ஆளே இல்லை. எழுதும்போது வாக்கியம் எழுவாய் கேட்டது. அப்பா வந்து நின்றார். நாற்பது, ஐம்பது வருடமாக விதி என்று சொல்லிவந்தது, ஒரு மனிதர் எடுத்த முடிவு.

பக்கத்தில் இருந்தவர் எழுதியது வேறு மாதிரி: ‘மழ பேஞ்சிது. பட்டறயில வெங்காயம் அழுவிப்போச்சு.’ இதற்கு யாரைக் கைகாட்டுவது? விதை வெங்காயத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டறை போட்டுச் சேமித்தவர் அவர். மழை அவர் கையில் இல்லை. ஆகவே விதி என்பதே பொய் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. வள்ளுவரே 380-ஆம் குறளில் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறார். 620-இல், சோராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறங்காட்ட வைப்பார் என்கிறார். இரண்டையும் சொன்னேன். “ரெண்டும் நெசந்தான்” என்றார் மழையை எழுதியவர்.

விதியை மாற்றி எழுதச் சொல்லி, ஜாதகத்தோடு திருப்பட்டூர் பிரம்மா சன்னிதிக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்கள் அம்மாக்கள் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது, ஜாதகத்துக்கு எங்கே போவது? அவர்களிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. எது தானாக வந்தது, எது பிறர் செய்தது, எது தான் செய்தது என்று அதில் பிரித்து எழுதுகிறார்கள். இந்த வேலையைப் பேச்சு செய்வதில்லை, எழுத்துதான் செய்கிறது என்பது நான் கண்ணால் கண்டது.

உங்கள் வீட்டில் கைநாட்டு வைக்கும் அம்மாவோ அத்தையோ இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரியுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம். காசு கிடையாது.