கார்சோம்ப் காத்திருக்கும் 168 புள்ளி

போக்கிமான் சண்டையில் யாருக்கும் தளர்ச்சி கிடையாது. 350 ஹெச்பியோடு, அதாவது உயிர்ப் புள்ளிகளோடு, களமிறங்கிய ஒன்று அடி வாங்கி வாங்கி ஒரே ஒரு ஹெச்பிக்கு வந்து நின்றாலும், அது திருப்பிக் கொடுக்கும் அடி துளிகூடக் குறையாது. பூஜ்யத்தைத் தொடும் வரை முழு பலம், தொட்டால் ஒன்றுமில்லை. எரப்ஷன் மாதிரி, ஹெச்பி குறைந்தால் பலமும் குறையும் தாக்குதல்கள் சில உண்டு. அவற்றை இங்கே ஒதுக்கிவிடலாம்.

நிஜப் போர் இப்படி நடப்பதில்லை. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட விமானப் போர் பற்றிய நூலில் சண்டையைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். ஒரு படையில் ஆள் குறையக் குறைய அது சுடுவதும் குறையும். அதனால் எதிர்ப்படை இழப்பதும் குறையும். இரு தரப்பும் சேர்ந்தே தேயும். போக்கிமானில் ஓர் அணியின் எண்ணிக்கை தேயலாம், நிற்கிற ஒன்று தேயாது. போட்டி ஆட்டக்காரர்கள் ‘லேட் கேம் ஸ்வீப்பர்’ என்று சொல்கிற அந்தக் கடைசி நேரத் தாக்குநர் பிறப்பது இந்தச் சின்ன விதியில்தான். ஆட்டம் பாதி முடியும் வரை அதை வெளியே காட்டாமல் காப்பார்கள். காட்டினால் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் அது ஒரே மூச்சில் கூட்டிப் பெருக்கிவிட வேண்டும்.

ஏன் காக்க வேண்டும்? அத்தனை பலசாலி என்றால் முதலிலேயே இறக்கினால் என்ன?

ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு போக்கிமான், களத்தில் ஒரு சமயத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு தாக்குதல்கள். ஒவ்வொரு டர்னிலும் நான்கில் ஒன்றை ஏவலாம், அல்லது வெளியே இருக்கும் ஐந்தில் ஒன்றை உள்ளே மாற்றலாம். ஆக ஒன்பது வழிகள், எதிராளிக்கும் ஒன்பது, மொத்தம் 81 சேர்க்கைகள். இருவரும் ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நெருப்பை ஏவப்போகிறேன் என்று அவர் ஊகித்தால் தண்ணீர் டைப்பை உள்ளே கொண்டுவருவார். அவர் ஊகிப்பார் என்று நான் ஊகித்தால் மின்சாரத்தை ஏவுவேன். அதையும் அவர் ஊகித்தால்? இந்தச் சுழலுக்கு அடி உண்டு என்று 1928-இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் நிரூபித்தார். ஒருவர் வெல்வது மற்றவர் தோற்பதாக இருக்கும் ஆட்டத்தில், சரியான விகிதத்தில் மாற்றி மாற்றி ஆடுவதே பாதுகாப்பான வழி. கணித ரீதியில் அழகானதுதான். ஆனால் விகிதப்படி ஆடினாலும் சில முறை தோற்கத்தான் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் விரும்புவது அதுவல்ல, ஊகமே தேவைப்படாத ஒரு நிலை.

அந்த நிலை ஒன்று இருக்கிறது. என் போக்கிமான் எதிரில் மிச்சமுள்ள எல்லாவற்றையும் விட வேகமானது, ஒவ்வொன்றையும் ஒரே அடியில் சாய்க்கக் கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விழுந்ததும் அடுத்தது வந்து நிற்கும். புது டர்ன் தொடங்கும். வேகமானது நான்தான் என்பதால் மறுபடி என் அடிதான் முதலில். வந்தது விழும். எதிராளி எந்தப் பொத்தானை அழுத்தினாலும், எதை எதற்கு மாற்றினாலும், வேகத்தை மதிக்காமல் முந்தும் சில தாக்குதல்களைத் தவிர, அவருடைய தாக்குதல் ஒன்றுகூட நடக்காது. மூன்று பேர் மிச்சமிருந்தாலும் ஐந்து பேர் மிச்சமிருந்தாலும் அதே கதைதான். அதுவரை சூதாட்டமாக இருந்தது கணக்குப் புத்தகமாகிவிடுகிறது.

இதில் ‘வேகமானது’ என்ற சொல்லுக்கு ஒரு புள்ளி வித்தியாசமே போதும். 2006-இல் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்த கார்சோம்ப் என்ற டிராகன் இதற்கு நல்ல சாட்சி. அதன் அடிப்படை வேகம் 102. சாலமென்ஸ், ஜிராச்சி, ஜாப்டோஸ் என்று பேர்பெற்ற ஒரு பெரிய கூட்டமே சரியாக 100-இல் நின்றுகொண்டிருந்தது. 100-ஆம் லெவலில், முழுப் பயிற்சியும் வேகத்துக்குச் சாதகமான சுபாவமும் கொடுத்தால் அவற்றின் வேகம் 328, கார்சோம்ப்புக்கு 333. வெறும் ஐந்து புள்ளிதான். அதை வைத்துக்கொண்டு அது ஒரு தலைமுறையையே ஆட்டிப் படைத்தது. ரசிகர்களே விதிகள் வகுத்து நடத்தும் ஸ்மோகன் அமைப்பு, அதைச் சாதாரண ஆட்டங்களிலிருந்து விலக்கி ‘உபெர்ஸ்’ என்ற மேல்தட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. வடிவமைத்தவர்கள் 102 என்று எழுதும்போது இதை யோசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம், யோசித்திருந்தால் குறும்புக்காரர்கள்.

வேகம் சரி. ‘ஒரே அடியில்’ என்பதுதான் கடினம். அதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் புரியும்.

கார்சோம்ப்புக்கு எதிரே ஹிப்போடவுன் நிற்கிறது. நீர்யானை மாதிரி ஒரு சுவர். ஹெச்பியிலும் தற்காப்பிலும் முழுப் பயிற்சியும் தற்காப்புக்குச் சாதகமான சுபாவமும் பெற்றால் அதன் ஹெச்பி 420, தற்காப்பு 368. கார்சோம்ப்பின் தாக்கும் திறன் 359. அதன் கையிலுள்ள கொடூரமான ஆயுதம் 120 பலம் கொண்ட அவுட்ரேஜ். விளையாட்டின் சேதச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சேதம் 127-இலிருந்து 150 வரை, மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிகம். அடுத்த டர்னில் ஹிப்போடவுன் ஸ்லாக் ஆஃப் போட்டுக்கொண்டால் பாதி ஹெச்பி திரும்பிவிடும். கார்சோம்ப்புக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். முதலிலேயே இறக்கினால் என்ன என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் என்ற நகர்வு தாக்கும் திறனை இரட்டிப்பாக்கும். அதை ஆடிவிட்டு அடித்தால் சேதம் 252-இலிருந்து 297 வரை. ஏன் இந்த இடைவெளி என்றால், விளையாட்டு ஒவ்வொரு அடியையும் 85 முதல் 100 வரை ஏதோ ஒரு முழு எண்ணின் சதவீதத்தால் பெருக்குகிறது. பதினாறு சாத்தியங்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. இப்போது ஹிப்போடவுனிடம் 298 ஹெச்பி இருந்தால் அது நிச்சயம் பிழைக்கும். 280 இருந்தால் பதினாறில் ஆறு முறை விழும். 270 என்றால் பத்து முறை. 252 என்றால் பதினாறும்! வெறும் 46 புள்ளிகளுக்குள் ‘முடியவே முடியாது’ என்பது ‘முடியாமல் போகாது’ என்று மாறுகிறது. 420-ஐ முழுதாகக் கரைக்க வேண்டியதில்லை. 168 புள்ளியைச் சுரண்டினால் போதும். மிச்ச 252-ஐக் கார்சோம்ப் பார்த்துக்கொள்ளும்.

கிரிட்டிகல் ஹிட் என்ற குருட்டு அதிர்ஷ்டத்தை இதில் சேர்க்கவில்லை. இப்போதைய விதிப்படி அது 24-இல் ஒரு முறை விழும், சேதம் ஒன்றரை மடங்காகும். அதை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் நல்ல கதைசொல்லிகள் ஆவார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் ஆகமாட்டார்கள்.

ஆகவே ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க அந்த 168 புள்ளிக்கான வேலைதான், செய்வது மற்ற ஐந்து பேரும். எதிராளியின் பக்கம் ஸ்டெல்த் ராக் விரித்து வைத்தால் உள்ளே வருகிறவர்கள் மேல் கல் பாயும். ஹிப்போடவுன் நில டைப் என்பதால் கல் அதை அவ்வளவாக உறுத்தாது, ஒரு முறைக்கு 26. அதனுடன் ஸ்பைக்ஸ் ஒரு அடுக்கு இருந்தால் இன்னும் 52. இரண்டு முறை உள்ளே வந்தாலே 156 போச்சு. ஆனால் அது கையில் வைத்திருக்கும் லெஃப்ட்ஓவர்ஸ் டர்னுக்கு 26 வீதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நாக் ஆஃப் அடித்து அதைத் தட்டிவிட வேண்டும். அந்த அடியில் போகும் ஹெச்பி உபரி லாபம். இந்த வேலைகளில் கண்ணைக் கவரும் எதுவும் இல்லை. பார்க்கிறவர்கள் கடைசி நான்கு டர்னுக்குத்தான் கைதட்டுவார்கள். எனக்கென்னவோ நாக் ஆஃப் விழுந்த டர்னைத்தான் திரும்ப ஓட்டிப் பார்க்கத் தோன்றும்.

ஒரு ஆயுதத்தின் குறையும் நேரத்தைப் பொறுத்ததுதான். அவுட்ரேஜை ஏவினால் இரண்டு மூன்று டர்னுக்கு அதிலிருந்து மீள முடியாது. வேறு தாக்குதலுக்கு மாற முடியாது, பின்வாங்கவும் முடியாது, முடிந்ததும் குழப்பம் பிடிக்கும். ஆட்டத் தொடக்கத்தில் இதை ஏவுவது தற்கொலை. எதிராளி ஒரு ஸ்டீல் டைப்பையோ, 2013-இல் வந்த ஃபேரி டைப்பையோ உள்ளே விட்டு வேடிக்கை பார்ப்பார்; ஃபேரியை டிராகன் அடி தொடவே தொடாது. ஆனால் ஸ்டீலும் ஃபேரியும் ஏற்கெனவே விழுந்துவிட்டால்? சிக்கிக்கொள்வதில் நஷ்டமே இல்லை, எப்படியும் அதையேதான் ஏவப்போகிறோம். சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருளும் அதே ஜாதி: வேகத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டு, களத்தை விட்டு வெளியேறும் வரை ஒரே தாக்குதலில் பூட்டிவைக்கும். தொடக்கத்தில் விலங்கு, கடைசியில் வெறும் வேகம். எதிராளியின் கையில் அது ஒளிந்திருக்கலாம் என்பதும் நினைவிருக்க வேண்டும்: 328 வேகமுள்ள சாலமென்ஸ் அதைக் கட்டிக்கொண்டால் 492. கார்சோம்ப்பின் ஐந்து புள்ளிப் பெருமை அங்கே தவிடுபொடி.

இனி ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆட ஒரு டர்ன் வேண்டும். அந்த டர்னில் அடி விழும். அதற்குமுன் உள்ளே மாறி வருவதற்கே ஒரு டர்ன் போகும். மாறி வருகிறவர்தான் அந்த டர்னின் அடியை வாங்குவார். இந்த இரண்டாவது செலவை மிச்சம் பிடிக்க, வேலை முடிந்த ஒரு போக்கிமானைச் சாக விடுவார்கள். விழுந்தவரின் இடத்துக்கு வருகிறவர் டர்ன்களின் இடைவெளியில் வருவதால் எதிராளியின் அடி படாது. பத்து ஹெச்பியோடு மூலையில் கிடக்கும் ஒன்றைப் புதிதாக ஆடுகிறவர்கள் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பார்கள். அனுபவசாலிக்கு அது கார்சோம்ப்பின் நுழைவுச்சீட்டு.

எதிராளியும் இதே கணக்கைத்தான் மறுபக்கத்திலிருந்து போட்டுக்கொண்டிருப்பார். ஆட்டம் தொடங்குமுன் இருவரின் ஆறும் திரையில் தெரியும் வசதி 2010 முதலே உண்டு. கார்சோம்ப்பைப் பார்த்த உடனே அவர் யாரைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். அவரிடம் மாமோஸ்வைன் இருக்கிறது என்று வையுங்கள். ஐஸ் ஷார்ட் என்ற அதன் தாக்குதல் வேகக் கணக்கையே மதிக்காமல் முந்திக்கொள்ளும். பலம் 40தான், ஆனால் டிராகனும் நிலமும் கலந்த கார்சோம்ப்புக்குப் பனி நான்கு மடங்கு. முழுப் பயிற்சி பெற்ற மாமோஸ்வைன் அடித்தால் கார்சோம்ப்பின் ஹெச்பியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஒரே அடியில் போகும். கொஞ்சம் காயம்பட்ட கார்சோம்ப் என்றால் அங்கேயே முடிந்தது. அந்த மாமோஸ்வைனிடம் ஒரே ஒரு ஹெச்பி இருந்தாலும் ஐஸ் ஷார்டின் பலம் அதேதான்.

ஆனால் தரையில் ஸ்டெல்த் ராக் இருந்தால் அந்த ஒரு ஹெச்பி மாமோஸ்வைன் காலை வைத்ததுமே விழும். அதனால் அவர் ரேபிட் ஸ்பின் சுழற்றிக் கல்லை அகற்றப் பார்ப்பார். ரேபிட் ஸ்பின் கோஸ்ட் டைப்பைத் தொடாது என்பதால், கார்சோம்ப்பை நம்பி அணி கட்டுகிறவர்கள் ஒரு கோஸ்டையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள். 2013-இல் வந்த ஆறாம் தலைமுறை, இரு பக்கக் கற்களையும் கோஸ்டைக் கேட்காமலே ஊதித் தள்ளும் சக்தியை டீஃபாக் என்ற நகர்வுக்குக் கொடுத்தது. அதற்கப்புறம் அந்த உபாயமும் பழைய மாதிரி பலிக்கவில்லை.