டிராக்டர் பாட்டரிக்கு வீட்டிலேயே மின்சாரம் ஏற்றுதல்

காவிரிப் பாசனப் பகுதிகளில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் முடிந்த பின்னர், பல குடியானவர்களின் டிராக்டர்கள் வைகாசி வரையில் கொட்டகையிலேயே நின்றுவிடுகின்றன. மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டியதும் டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஓர் ஓசை மட்டும் கேட்கும், எஞ்சின் சுற்றாது. நான்கு மாத ஓய்விலும் சித்திரை வெயிலிலும் பாட்டரி தன் சக்தியை இழந்திருக்கும். அந்நாளில் டவுனில் உள்ள பாட்டரிக் கடைகளில் கூட்டம் மிகுந்திருக்குமாதலின், இரண்டொரு நாட்கள் உழவு தடைப்படுவது சகஜம்.

இப்பொழுது மின்சாரம் ஏற்றும் கருவி, அதாவது சார்ஜர், எளிதில் கிடைப்பதால் இவ்வேலையைப் பலர் வீட்டிலேயே செய்து கொள்ளுகின்றனர். அது அனுகூலமான காரியமே. ஆயினும் பாட்டரி என்பது திராவகமும், எளிதில் வெடிக்கும் வாயுவும் சேர்ந்திருக்கும் பெட்டி என்பதை நன்கு உணர்ந்து செய்தல் வேண்டும். கீழ்க்கண்ட முறைகள் டிராக்டருக்கே அன்றி, கார், ஜீப்பு முதலியவற்றின் 12 வோல்ட்டுப் பாட்டரிகளுக்கும் பொருந்தும்.

இவ்வகைப் பாட்டரியை முதன்முதல் 1859-ம் வருஷத்தில் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே என்பவர் செய்தார். அதன் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. பெட்டிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும், ஈய ஆக்ஸைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்து நிற்கும். சக்தி செலவாகுங்கால் திராவகத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளிற் போய்ப் படிகின்றது; திராவகம் வெறும் தண்ணீரின் தன்மையை நோக்கிச் செல்லுகின்றது. மின்சாரம் ஏற்றும்போது இதற்கு நேர்மாறானது நடைபெறும். செலவான பாட்டரியை ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், தகட்டின்மீது படிந்தது கல்போல் இறுகிவிடும். பிறகு எத்துணை நேரம் ஏற்றினும் அது முழுதும் கரையாது. 'புது பாட்டரி, இரண்டு வருஷத்தில் போய்விட்டது' என்று வருந்துவோரிற் பலர், கோடையில் அதனைத் திரும்பிப் பாராதவர்களே. டிராக்டர் ஓய்ந்திருக்கும் மாதங்களில் பாட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றி வருதல் நலம்.

ஏற்றுவதற்கு முன் பாட்டரியின் நிலையை அறிதல் வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின், மல்ட்டிமீட்டர் என்று விற்கப்படும் மானியை முனைகளில் வைத்துப் பார்க்க, 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் ஏற்றம் நிறைந்திருக்கின்றது. 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் இறங்கினால் தாமதியாமல் ஏற்றவேண்டும். அடைப்பான் உள்ள பாட்டரிகளில் ஹைட்ராமீட்டரால் ஒவ்வோர் அறையின் திராவகத்தையும் உறிஞ்சிப் பார்ப்பது இன்னும் திட்டமான சோதனை. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அவ்வறை பழுதுற்றது என்று கொள்ளலாம்; அத்தகைய பாட்டரிக்கு மேன்மேலும் மின்சாரம் ஏற்றுவது வீண்.

இனி வாயுவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அபாயத்தின் வேர் அதிலேதான் இருக்கின்றது. ஏற்றம் நிறைவை நெருங்கி, வோல்ட்டு சுமார் 14.4-ஐ எட்டும்போது, மேற்கொண்டு செலுத்தப்படும் மின்சாரம் தகடுகளை மாற்றுவதை விட்டுத் தண்ணீரையே பிரிக்கத் தொடங்குகின்றது. அப்போது ஹைட்ரஜனும் பிராணவாயுவும் குமிழி குமிழியாய் வெளிவரும். நூறு பங்கு காற்றில் 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றத் தக்கதாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. காற்றினும் மிக இலேசானதால் கூரையை நோக்கி எழும்பும். இதனின்று ஓர் உண்மை விளங்கும்: தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரமே அபாயம் மிக்கது. நம்மவரோ காலையில் கம்பியைப் பூட்டும்போது மிகவும் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, மாலையில் கழற்றும்போது அவசரப்படுகின்றனர்.

எனது சரகத்திலுள்ள ஒரு கிராமத்தில் இளைஞர் ஒருவர், ஏற்றம் முடிந்த பாட்டரியினின்று, சுவிட்சை நிறுத்தாமலே கவ்வியைப் பிடுங்கினார். கவ்வி விலகிய இடத்தில் ஒரு சிறு பொறி. வேட்டுச் சத்தத்துடன் பாட்டரியின் மேல்மூடி பிளந்து, திராவகம் அவர் முகத்தில் தெறித்தது. பம்புசெட்டு அவ்வேளையில் ஓடிக் கொண்டிருந்தது அவர் பாக்கியம். அருகிலிருந்தவர்கள் அவரைத் தொட்டியண்டை கொண்டுபோய், இமைகளை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரத்திற்கு மேல் தண்ணீரை விட்டுக் கழுவினர். பின்னர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றனர். கண்கள் பிழைத்தன; சட்டை மட்டும் மறுநாள் சல்லடையாகக் கிழிந்தது. இவ்வேலையைத் தொடங்குமுன் ஒரு குடம் நல்ல தண்ணீரேனும், கூடுமானால் ஓடும் குழாயேனும், கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் அவசியம். கண்ணில் திராவகம் பட்டால் தண்ணீர் ஒன்றே மருந்து. சோடா உப்பையோ, தாய்ப்பாலையோ, எண்ணெயையோ கண்ணில் விடலாகாது. சோடா உப்புக் கரைசல் தரையில் சிந்திய திராவகத்தை முறிக்கவும், முனைகளிற் பூத்த வெண்பொடியைக் கழுவவுமே உதவும்.

ஆகையால் ஏற்றும் இடம் காற்றோட்டமுள்ளதாய் இருத்தல் வேண்டும். மழையும் வெயிலும் படாத திறந்த தாழ்வாரம் உத்தமம். சமையலறைக்குப் பக்கமோ, விளக்கேற்றும் பூஜை அறையோ, வைக்கோல் போட்ட கொட்டகையோ, குழந்தைகள் படுக்கும் அறையோ உதவாது. பாட்டரிக்கு அருகில் பீடி, சுருட்டு ஆகாது. நீர்மட்டம் பார்ப்பதற்குத் தீக்குச்சி கிழிப்பது வெடிமருந்தின்மேல் கிழிப்பதை ஒக்கும். டார்ச்சு விளக்கே தகுதி. பாட்டரியைப் பலகையின்மேல் வைத்து, சார்ஜரைக் கம்பியின் நீளம் இடங்கொடுக்கும் மட்டும் தள்ளி வைக்கவேண்டும். பாட்டரிக்கு நேர்மேலே சார்ஜரை வைப்பது தவறு. தரை ஈரமாயிருத்தல் கூடாது. பிளக்கு மூன்று முள் உள்ளதாயும், எர்த்துக் கம்பி சரியாய் இணைந்ததாயும் இருக்கவேண்டும்.

வண்டியினின்று பாட்டரியைக் கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. இரண்டு கம்பிகளுள் வண்டியின் உடலோடு சேர்ந்திருப்பது எது என்று முதலில் பார்க்கவேண்டும். இக்கால வண்டிகளிற் பெரும்பாலும் அது எதிர்முனைக் கம்பியே. சில பழைய வண்டிகளில் மாறியிருக்கலாம். உடலோடு சேர்ந்த கம்பியை முதலிற் கழற்றிக் கடைசியிற் பூட்டவேண்டும். இவ்வாறு செய்தால், மற்ற முனையை முடுக்கும் ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் தீப்பொறி எழாது. கைக்கடிகாரம், மோதிரம், அரைஞாண் வெள்ளிச் சங்கிலி முதலியவற்றை முன்பே கழற்றிவிட வேண்டும். இரு முனைகளையும் இணைக்கும் மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும், கைக்கு ரப்பர் உறையும் இருத்தல் நலம்.

சார்ஜரின் சுவிட்சு நிறுத்தப்பட்டிருக்கும் நிலையிலேயே, சிவப்புக் கவ்வியைக் கூட்டல் குறி உள்ள நேர்முனையிலும், கறுப்புக் கவ்வியைக் கழித்தல் குறி உள்ள எதிர்முனையிலும் பொருத்த வேண்டும். குறிகள் அழுக்கால் மறைந்திருந்தால் துடைத்துப் பார்க்கவேண்டும், ஊகித்தல் கூடாது. கவ்விகள் அசையாது பற்றியிருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே சுவிட்சைப் போடவேண்டும். முடிவில் முதற்காரியம் சுவிட்சை நிறுத்துவது. நிறுத்தியபின் சற்று நேரம் விட்டு, வாயு கலைந்த பிறகு, கறுப்பை முதலிலும் சிவப்பைப் பின்னும் எடுக்கலாம்.

எவ்வளவு மின்சாரம் ஏற்றுவது? பாட்டரியின்மேல் குறித்திருக்கும் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது பொது விதி. 80 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 8 ஆம்பியர் மேல்வரம்பு. 5 ஆம்பியரில் மெதுவாக ஏற்றினால் பாட்டரிக்கு இன்னும் இதம். பாதி குறைந்திருந்தால் 8 ஆம்பியரில் சுமார் 6 மணி நேரமும், 5 ஆம்பியரில் 9, 10 மணி நேரமும் ஆகும். ஏற்றம் நிறைந்ததும் தானே தணிந்து கொள்ளும் சார்ஜரை வாங்குவது உசிதம். விடியற்காலையில் தொடங்கி, வீட்டில் ஆள் நடமாடும் பகற்பொழுதிலேயே முடிப்பது நன்று. இரவில் போட்டுவிட்டு உறங்குவது சரியன்று. பெட்டியைத் தொட்டுப் பார்க்கக் கை பொறுக்காத சூடு கண்டாலும், அழுகிய முட்டை நாற்றம் வீசினாலும் உடனே மெயின் சுவிட்சை நிறுத்தி விலகிவிட வேண்டும். அந்நாற்றம் விஷவாயுவின் அறிகுறி.

சில கிராமங்களில் 230 வோல்ட்டு மின்சாரத்தைக் குண்டு பல்பு ஒன்றின் வழியாகவும் டயோடு ஒன்றின் வழியாகவும் நேரே பாட்டரிக்குக் கொடுக்கும் யுக்தியைச் சிக்கனம் என்று கருதுகின்றனர். இதனை வன்மையாகக் கண்டிக்கின்றேன். சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர், பாட்டரியை லைன் மின்சாரத்தினின்று பிரித்து வைக்கின்றது. பல்பு முறையில் அப்பிரிவினை இல்லை. ஆதலின் பாட்டரியின் முனையைத் தொடுவது லைன் கம்பியைத் தொடுவதேயாகும். பாட்டரி வண்டியிலேயே இருந்தால் டிராக்டரின் இரும்பு முழுவதும் அவ்வாறே ஆகிவிடும். இதிற் பலனும் இல்லை. 100 வாட்டு பல்பின் வழியே செல்லும் மின்சாரம் அரை ஆம்பியருக்கும் குறைவு. டயோடு அதிலும் பாதியைத் தடுத்துவிடும். பாதி குறைந்த டிராக்டர் பாட்டரி நிறைய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

அடைப்பான் உள்ள பாட்டரிகளில் குறைவது தண்ணீரே அன்றித் திராவகம் அன்று. ஆகவே காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விடவேண்டும். கிணற்று நீரிலும் போர்வெல் நீரிலும் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். 'பலம் குறைந்தது' என்று வீட்டில் திராவகம் வாங்கி ஊற்றுவது இரட்டைத் தவறு. ஏற்றுமுன் தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூடும் அளவு மட்டும் நீர் விட்டு, ஏற்றி முடிந்தபின் குறியிட்ட மட்டத்திற்கு நிரப்புதல் வேண்டும். முன்னதாகவே நிரப்பினால், சூட்டில் பெருகித் திராவகம் வழியும். மூடிகளிலுள்ள சிறு துளைகள் சேறும் தூசும் அடைத்திருந்தால் வாயு வெளியேறாது; அவற்றை முன்பே சுத்தம் செய்யவேண்டும். ஏற்றும்போது மூடிகளைத் திறந்து வைப்பதா, வைத்தபடியே விடுவதா என்பதில் தயாரித்தவர் தந்த குறிப்பைப் பின்பற்றுக. நீர் விடத் தேவையில்லாத மூடிய வகைகளைப் பிளந்து நீர் ஊற்ற முயலலாகாது. லித்தியம் பாட்டரிக்கு இந்தச் சார்ஜரே ஆகாது.

ஏற்றிய பாட்டரியை ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கவேண்டும். 12.6 நிலைத்திருந்தால் வண்டியில் பூட்டி, முனைகளில் சிறிது வாசலைன் தடவலாம். ஒரே இரவில் 12.2-க்கு இறங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அத்தகைய பழம் பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயத்தை உருக்கலாகாது. ஈயப்புகையும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழம் பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களைச் சார்ந்தது. புது பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் கிரயத்தைக் கழித்துக் கொள்ளலாம்.