ஒல்லியானவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுமா?

ஆரணியில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜக்கார்டு அட்டை நன்றாகத் தெரியும். எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை அதிலுள்ள ஓட்டைகளே முடிவு செய்கின்றன. ஓர் ஓட்டை இடம் மாறிவிட்டால், எவ்வளவு கவனமாக நெய்தாலும் கரையில் அன்னம் வரும்போதெல்லாம் அதே பிழை வரும். அதைப் பார்த்து அடிக்கும் புது அட்டையிலும் அது தொடரும். நம் உடலின் அட்டைதான் மரபணு.

கொலஸ்ட்ரால் நமக்குத் தேவையான பொருள். செல்களின் சவ்வுக்கும் வைட்டமின் டி உருவாகவும் அது வேண்டும். ரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு எல்.டி.எல். என்று பெயர். கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள் இந்தத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பியை உருவாக்கும் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பிழை இருந்தாலே நன்றாக வேலை செய்யும் ஏற்பிகள் பாதியாகிவிடும், எல்.டி.எல். பிறவியிலிருந்தே ஏறக்குறைய இருமடங்காக இருக்கும். மிஞ்சும் கொழுப்பு இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்துகொண்டே வரும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை உண்டு. எண்ணெய்ப் பலகாரம் தொடாதவரும், ஒல்லியானவரும் அவர்களில் இருப்பார்கள். சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்துப் புடைத்திருக்கும்.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து ஆராய்ந்து இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஜப்பானின் அகிரா எண்டோ 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்ற மருந்து வகையில் முதலாவதைப் பிரித்தெடுத்தார். அந்த வகை மருந்துகள் இன்று கோடிக்கணக்கானோரின் இதயத்தைக் காக்கின்றன.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் இந்த வாய்ப்பு கூடுகிறது.

தம்பி தங்கைகளே, வீட்டில் கேட்டுப் பாருங்கள்: ஆண்களில் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, பெண்களில் யாருக்காவது 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்ததா? ஆம் என்றால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் உடன்பிறந்தவர்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும். இது யாருடைய குற்றமும் இல்லை. சிறு வயதிலேயே கண்டுபிடித்து மருந்தை விடாமல் எடுத்தால் மாரடைப்பைப் பெருமளவு தடுக்கலாம்.